லோ ஃபாட்மேப் உணவில் கிரீமை அடியோடு விட வேண்டியதில்லை

லோ ஃபாட்மேப் என்பது குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சில சர்க்கரை வகைகளைக் குறைக்கும் உணவுமுறை. அதில் கிரீமின் அளவைக் குறைத்தால் போதும். வெண்ணெய், செடார் சீஸ் ஒத்துக்கொள்கிறது, கிரீம் சூப் குடித்தால் மட்டும் வயிறு உப்புகிறது என்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ்தான். செடார் போன்ற முதிர்ந்த சீஸில் அது அநேகமாக இருக்காது. கிரீமில் 100 மில்லிக்குச் சுமார் 3 கிராம் இருக்கும். ஒரு மேசைக்கரண்டி பலருக்கும் தாங்கும், அரை கப் சிலருக்குத் தாங்காது.

அதே சூப்பை அதே அளவில், லாக்டோஸ் நீக்கிய கிரீம் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். உப்புசம் போனால் சரி. போகவில்லையா? சூப்பில் வெங்காயம், பூண்டு இருக்கிறதா பாருங்கள். பழி பால்மேல் விழும், வேலையைக் காட்டுவது இவையாக இருக்கும். அப்புறம், கொழுப்பு மிகுந்தாலே சிலருக்குக் குடல் முரண்டு பிடிக்கும். லாக்டோஸை நீக்கினாலும் கொழுப்பு குறையாது.

எடை இறங்கினாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ சோதனையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.