தீட்டிய கூர் ஏன் நிற்பதில்லை? பேனாக்கத்தி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: தீட்டியதும் நன்றாக வெட்டுகிறது, இரண்டே நாளில் மொண்ணையாகிவிடுகிறது, கத்தி மட்டமா? பெரும்பாலும் கத்தியில் குறை இல்லை. தீட்டிய விதத்தைப் பாருங்கள், அப்புறம் கோணம், அப்புறம் எதன்மேல் வைத்து வெட்டுகிறீர்கள் என்பது. இதெல்லாம் சரியாக இருந்து அதற்கப்புறமும் கூர் நிற்கவில்லை என்றால்தான் உருக்கைச் சந்தேகப்பட வேண்டும். கேள்விகளுக்கு வருகிறேன்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி பேக்கிங்கில் வேலை பார்க்கிறேன் அண்ணா. நாள் முழுக்க அட்டைப்பெட்டி வெட்டுவேன். விக்டோரினாக்ஸ் கத்தி. ராத்திரி தீட்டி வைத்தால் காலையில் கை முடியைச் சிரைக்கிறது, பத்து பெட்டி தாண்டினால் பேப்பர்கூட வெட்டமாட்டேன் என்கிறது. டூப்ளிகேட்டா?

பத்தே பெட்டியில் விழுந்துவிட்டது என்கிறீர்களே தம்பி, அதில்தான் விடை இருக்கிறது. உருக்கு தேய்ந்து மழுங்குவதென்றால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடக்கும். காலையில் சவரக்கத்தி, பத்து பெட்டியில் மொட்டை என்றால் அது தேய்மானம் இல்லை, பிசிறு.

கல்லில் ஒரு பக்கம் தேய்க்கும்போது கத்தி வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், ஓரத்தில் இருக்கும் உலோகம் மெல்லிய தகடுபோல மறுபக்கம் சாய்ந்து நிற்கும். அது ரொம்ப மெல்லியது என்பதால் முடியை அழகாகச் சிரைக்கும், பேப்பரும் வெட்டும். நாமும் கூர் வந்துவிட்டது என்று நம்பி நிறுத்திவிடுகிறோம். அட்டையில் முதல் சில வெட்டிலேயே அந்தத் தகடு மடங்கும் அல்லது பிய்ந்துபோகும். கீழே மிஞ்சுவது உருண்டையான ஓரம். விக்டோரினாக்ஸ் அலகு, உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் 55, 56 கடினம்தான், வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள், எளிதில் தீட்ட வரும் என்பதற்காக. ஆனால் இப்படிப்பட்ட இளகின உருக்கில் பிசிறு லேசில் விடாது, சவ்வுபோல ஒட்டிக்கொண்டிருக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு துண்டுப் பஞ்சை முதுகிலிருந்து வாயை நோக்கி வழித்து வெளியே இழுங்கள், இரண்டு பக்கமும். எந்தப் பக்கம் நூல் மாட்டுகிறதோ அந்தப் பக்கம் பிசிறு. விரலாலும் பார்க்கலாம், ஆனால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாக மட்டும், வாயின் நீளவாக்கில் ஒருபோதும் வேண்டாம். அப்புறம் இருட்டில் செல்போன் டார்ச்சை நேராக வாயின்மேல் அடித்துப் பாருங்கள். நல்ல கூருக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட இடமே கிடையாது, கறுப்பாகத்தான் தெரியும். வெள்ளைக் கோடு தெரிந்தால் அங்கே மழுங்கலோ பிசிறோ இருக்கிறது.

எடுப்பதற்கு: கடைசிக் கட்டத்தில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், முடிவில் கத்தியின் எடை மட்டும்தான் கல்லில் இருக்க வேண்டும். வாயை முன்னால் விட்டு, ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என மாற்றி மாற்றிப் பத்துத் தடவை. பின் கோணத்தைத் துளி தூக்கி இரண்டு பக்கமும் இரண்டிரண்டு. அதன்பின் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் முதுகை முன்னால் விட்டு இழுங்கள். இப்போது ஒரு பேப்பர் வெட்டி, அட்டையில் இருபது வெட்டு வெட்டி, மறுபடி பேப்பர். இரண்டு வெட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் பிசிறு போய்விட்டது, தைரியமாக வேலைக்குப் போகலாம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அட்டைப்பெட்டி பார்க்க மெத்தென்று இருந்தாலும் கத்திக்கு அது உப்புத்தாள் மாதிரி, மறுசுழற்சிக் காகிதத்தில் மண்ணும் கனிமத் தூளும் கலந்திருக்கும். எவ்வளவு நன்றாகத் தீட்டினாலும் நாள் முழுக்க அட்டை வெட்டினால் சாயங்காலம் பெல்ட்டில் நாலு இழுப்பு தேவைதான்.

கேள்வி: இரண்டு கத்தி வைத்திருக்கிறேன். எது அதிக நேரம் கூர் தாங்கும் என்று வீட்டிலேயே நியாயமாகச் சோதிக்க முடியுமா? மெஷின் எதுவும் இல்லை.

முடியும். எனக்குப் பிடித்த கேள்வி இது.

தேவையானவை: சமையலறை டிஜிட்டல் தராசு (10 கிலோ வரை காட்டுவது நல்லது), ஒரு மரக்கட்டை, ஒரே சுருளிலிருந்து எடுத்த மணிலாக் கயிறு, தையல் நூல், ஸ்கெட்ச் பேனா. தேங்காய்நார்க் கயிறும் ஆகும், ஆனால் அதன் முறுக்கு இடத்துக்கு இடம் மாறுவதால் அளவு கொஞ்சம் தாறுமாறாக வரும்.

முதலில் இரண்டு கத்தியையும் ஒரே கல்லில், ஒரே கோணத்தில் தீட்டி, பிசிறைச் சுத்தமாக எடுங்கள். இதைச் செய்யாமல் சோதித்தால் நீங்கள் சோதிப்பது கத்தியை அல்ல, உங்கள் தீட்டலை. கடையிலிருந்து வந்த கூரோடு ஒப்பிடவும் வேண்டாம். ஆலையில் வேகமான பெல்ட்டில் தீட்டும்போது நுனி சூடேறி இளகியிருக்கலாம். இரண்டு மூன்று தடவை கையால் தீட்டியபின் அதே கத்தி முன்னைவிட நன்றாகத் தாங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, அலகின் நடுவில் 3 செ.மீ. அளவுக்கு இரண்டு கோடு போட்டு அந்த இடத்தால் மட்டும் வெட்டுங்கள். கட்டையைத் தராசின்மேல் வைத்து, அதன்மேல் கயிறு. தராசை 0-க்குக் கொண்டுவந்து, இழுக்காமல் நேராக அழுத்துங்கள். கயிறு அறுபடும்போது தராசு அதிகபட்சம் எத்தனை கிலோ காட்டியது என்று எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒருவர் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. இப்படி அளவெடுப்பது ஒவ்வொரு இருபது வெட்டுக்கு ஒரு தடவைதான். நடுவில் வரும் வெட்டுகளைத் தராசு இல்லாமல், அதே 3 செ.மீ. நீளத்தை முழுக்க இழுத்து வெட்டலாம். புதுக்கூரில் எவ்வளவு ஆனதோ அதைப்போல இரண்டு மடங்கு அழுத்தம் தேவைப்படும் இடத்தில் நிறுத்துங்கள். அதுவரை போட்ட வெட்டுகளின் எண்ணிக்கைதான் உங்கள் விடை.

கயிறு தடிமனானது, அதனால் நுனியின் நுண்ணிய மழுங்கலை அது சீக்கிரம் காட்டிக்கொடுக்காது. அதற்குத்தான் நூல். இரண்டு ஆணிக்கு நடுவே நூலை இறுக்கிக் கட்டி, அந்தப் பலகையைத் தராசில் வைத்து, நூலின்மேல் கத்தியை மெல்ல இறக்குங்கள். எத்தனை கிராமில் அறுகிறது என்று பாருங்கள். பிரூபேக்கர் அளவுகோல் என்று வெளிநாட்டுக் கத்திப் பிரியர்கள் பேசுவதும் அடிப்படையில் இதுதான்: ஒரு குறிப்பிட்ட இழையை அறுக்க எத்தனை கிராம் என்ற எண். உங்கள் தையல் நூல் எண்ணை அவர்கள் எண்ணோடு ஒப்பிட முடியாது, இழை வேறு. உங்கள் இரண்டு கத்திக்கு நடுவே ஒப்பிடத் தாராளமாகப் போதும்.

ஒரு தடவை செய்து முடிவுக்கு வராதீர்கள். மறுபடி தீட்டி, மொத்தம் மூன்று தடவை. மூன்றும் ஒன்றுக்கொன்று ரொம்ப விலகி வந்தால் கத்தியில் அல்ல, கையில் ஒழுங்கு வரவில்லை என்று அர்த்தம். கத்தியின் பிடியைத் துணியால் சுற்றி, எது எது என்று தெரியாமல் வீட்டில் இன்னொருவரை வெட்டச் சொன்னால் இன்னும் நேர்மை, ஏனென்றால் அதிக விலை கொடுத்த கத்தி நன்றாக வெட்டுவதாகக் கை நம்பத் தயாராக இருக்கும்.

கேள்வி: எஸ்30வி உருக்கு பல மடங்கு கூர் தாங்கும் என்று அட்டவணையில் பார்த்தேன். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? வாங்கலாமா சார்?

நம்பத்தக்க எண்கள் பெரும்பாலும் கட்ரா இயந்திரத்திலிருந்து வருபவை. கட்ரா என்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், தலைமுறை தலைமுறையாகக் கத்தி செய்த ஊரில், இருக்கும் ஆய்வு அமைப்பு. அவர்கள் முறைதான் ஐஎஸ்ஓ 8442-5 என்ற தரநிலையில் இருக்கிறது. கத்தியை வாய் மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, 5 சதவீதம் மணல்துகள் (சிலிக்கா) கலந்த அட்டைக் கட்டை 50 நியூட்டன் விசையில், ஏறத்தாழ 5 கிலோ பாரம் என்று வையுங்கள், அதன்மேல் அழுத்தி 40 மி.மீ. தூரம் முன்னும் பின்னும் இழுப்பார்கள். 60 சுற்று. முதல் 3 சுற்றில் வெட்டிய ஆழம் தொடக்கக் கூர், மொத்தமாக வெட்டிய அட்டையின் அளவு கூர் தாங்கும் திறன்.

மணல் கலந்த அட்டை என்பதைக் கவனியுங்கள். அது தேய்மானத்தை மட்டும்தான் சோதிக்கிறது. நுனி மடங்குவது, சில்லு பெயர்வது, துரு இதெல்லாம் அதில் தெரியாது. எஸ்30வியில் சுமார் 4 சதவீதம் வனேடியம் இருக்கிறது, அது கார்பனோடு சேர்ந்து உருக்குக்குள் மிகக் கடினமான துகள்களாக நிற்கிறது, அதனால்தான் மணலுக்கு அசராது. அதே காரணத்தால் தீட்டும்போதும் அசராது. அந்தத் துகள் சாதாரண அலுமினியம் ஆக்சைடு கல்லைவிடக் கடினம், வைரப்பொடித் தகடு இருந்தால்தான் வேலை சுகமாக நடக்கும்.

கயிறும் அட்டையும் தினம் வெட்டுபவர், வைரத்தகடு வாங்கத் தயார் என்றால் வாங்குங்கள். வாரம் ஒருமுறை மாம்பழமும் கூரியர் பொட்டலமும் வெட்ட அது தேவையில்லை, அந்தப் பணத்தில் நல்ல கல் ஒன்று வாங்கினால் வீட்டிலுள்ள எல்லாக் கத்தியும் தேறும்.

கேள்வி: தீட்டும் கோணம் 15 டிகிரியா, 20 டிகிரியா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

விக்டோரினாக்ஸ் சொல்வதே பக்கத்துக்கு 15 முதல் 20 வரைதான். பலர் நினைப்பதற்கு மாறாக, கோணம் குறையக் குறைய, தேய்க்கும் பொருள்களில் கத்தி அதிக நேரம் வெட்டும். கொஞ்சம் மழுங்கினாலும் பின்னால் இருக்கும் அலகு மெல்லியது என்பதால் உள்ளே நுழைந்துவிடும். ஆனால் ரொம்பக் குறைத்தால் கடினமான பொருளில் நுனி மடங்கும். நான் பழத்துக்கும் அட்டைக்கும் பக்கத்துக்கு 15 டிகிரி வைக்கிறேன், கம்பி உரிப்பதற்கும் மரம் சீவுவதற்கும் 20.

கோணம் பிடிக்கக் கருவி வேண்டாம். அலகின் அகலம் 15 மி.மீ. என்றால் முதுகு கல்லிலிருந்து 5 மி.மீ. உயரத்தில் நின்றால் 20 டிகிரி, 4 மி.மீ. நின்றால் 15. வாயின் சரிவில் ஸ்கெட்ச் பேனாவால் பூசி இரண்டு இழுப்பு இழுங்கள், மை எங்கே அழிந்தது என்பது நீங்கள் எங்கே தேய்க்கிறீர்கள் என்று காட்டிவிடும்.

கேள்வி: தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். தீப்பொறி பறக்கத் தீட்டித் தந்தார். அன்றிலிருந்து கூர் நிற்பதே இல்லை.

எனக்கும் இது நடந்தது, இன்னும் மனம் ஆறவில்லை. அப்பாவின் மரப்பிடி மடக்குக் கத்தி, கார்பன் உருக்கு, அவர் திண்ணையில் உட்கார்ந்து பாக்கு சீவுவது அதில்தான். ஒருவரிடம் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். தண்ணீர் தொடாமல் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தார். வாங்கிப் பார்த்தபோது நுனியை ஒட்டி ஒரு விரற்கடை நீளத்துக்கு மயில்கழுத்து நீலம். அந்த நீலம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூட்டைக் குறிக்கிறது. சாதாரணக் கார்பன் உருக்கில் அந்தச் சூடு போனால் பதம் இறங்கிவிடும், பின் எவ்வளவு தீட்டினாலும் நுனி சீக்கிரம் மடங்கும்.

உங்கள் கத்தியில் நீலமோ பழுப்போ தெரிகிறதா பாருங்கள். நிறம் தெரியாவிட்டாலும் மெல்லிய நுனி மட்டும் சூடேறியிருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தொட்டுக் கையால் கல்லில் தேய்த்து, இளகின பகுதியைக் கரைத்துவிட்டு உள்ளே இருக்கும் நல்ல உருக்குக்குப் போங்கள். பொறுமை வேண்டும். நான் அப்படித்தான் நாலைந்து மாலைப்பொழுது உட்கார்ந்து மீட்டேன், அலகு கொஞ்சம் ஒல்லியாகிவிட்டது, ஆனால் பாக்கு சீவுகிறது. தண்ணீர்க் கல்லில் கவனமாகத் தீட்டும் சாணைக்காரர்களும் இருக்கிறார்கள், அப்படி ஒருவர் உங்கள் தெருவுக்கு வந்தால் விடாதீர்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் மா நாற்றங்கால் வைத்திருக்கிறோம். ஒட்டுக் கட்டும் கத்தி, கார்பன் உருக்கு. வெட்டுவதோ பச்சைக் குச்சி, ஆனாலும் மறுநாள் காலையில் மழுங்கியிருக்கிறது ஐயா.

மறுநாள் காலையில் என்றால் ராத்திரி அது பெட்டிக்குள் இருக்கும்போதே மழுங்குகிறது! மாம்பாலின் கடுமை உங்களுக்குத் தெரியாததல்ல, தோலையே புண்ணாக்குகிறது. அந்தப் பிசினும் ஈரமும் ஒரு ராத்திரி இருந்தால் போதும், கார்பன் உருக்கின் நுனியை அரித்துவிடும். கூரின் நுனி ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன், தலைமுடியை ஐம்பது அறுபதாகப் பிளந்தால் வரும் அளவு. அதைத் தின்ன கண்ணுக்குத் தெரிகிற துரு தேவையில்லை.

சந்தேகமிருந்தால் சோதியுங்கள். சாயங்காலம் இரண்டு கத்தியைத் தீட்டி இரண்டாலும் பத்துக் குச்சி வெட்டுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள், மற்றதை ஸ்பிரிட்டில் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். காலையில் இரண்டாலும் ஒரு தளிர்க்குச்சியைச் சரிவாக ஒரே இழுப்பில் வெட்டி, வெட்டுமுகத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள். நல்ல கூர் என்றால் கண்ணாடிபோல மின்னும். நுனி அரித்திருந்தால் ஓரம் நசுங்கி, நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் ஓடும், ஒட்டும் அங்கேதான் பிடிக்காமல் போகும்.

இன்னொன்று, பல ஒட்டுக் கத்திகளுக்கு ஒரு பக்கம்தான் சரிவு. மறுபக்கத்தைக் கல்லில் தட்டையாகப் படுக்க வைத்துப் பிசிறு எடுக்க மட்டும் இரண்டு இழுப்பு. அந்தப் பக்கமும் சரிவு வைத்துவிட்டால் வெட்டு நேராகப் போகாது.

கேள்வி: இழுத்தால் தீட்டும் வி வடிவக் கருவி நல்லதா?

வேண்டாம். அது தீட்டுவதில்லை, சுரண்டுகிறது. ரம்பம்போலப் பிய்ந்த ஓரத்தைத் தரும், ஒரு நாள் நன்றாக வெட்டுவதுபோல இருக்கும். அவசரத்துக்கு ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அடியில் பளபளப்பு இல்லாத வளையத்தில் தீட்டுங்கள், அது எவ்வளவோ மேல்.

கேள்வி: பழம் நறுக்க மட்டும்தான் பயன்படுத்துகிறேன், அதற்கே வாரத்தில் மழுங்குகிறது. பிசிறு எடுத்தாயிற்று, கோணமும் சரி.

எவர்சில்வர் தட்டில் வைத்து நறுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். பழம் முடிந்து ஒவ்வொரு வெட்டும் தட்டில் போய் முட்டும்போது நுனி மடங்குகிறது. ஒரு சின்ன மரப்பலகைக்கு மாறுங்கள், இரண்டு வாரம் கழித்து அதே டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.