டிராயிங் மாஸ்டர் பதில்கள்: ஆரத்தித் தட்டிலேயே இருந்த விடை

இந்த மாதம் கேள்விகள் எல்லாம் நம்ம பக்கத்திலிருந்தே வந்திருக்கின்றன. காரைக்குடியில் உட்கார்ந்து பதில் எழுதுகிறவனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்.

*மாஸ்டர், நான் கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். லீவில் சித்தன்னவாசல் போய் வந்ததிலிருந்து எனக்கும் சுண்ணாம்புப் பூச்சில் வரைந்து பார்க்க ஆசை. மொட்டை மாடியில் ஒரு பிளைவுட் பலகையில் பொடிச் சுண்ணாம்பும் மணலும் குழைத்து ஓர் அங்குலத்துக்குப் பூசினேன். மறுநாள் மத்தியானத்துக்குள் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. வெடிக்காத மூலையில் தாமரை வரைந்தேன். மகரந்தத்துக்கு மஞ்சள் தூள் வைத்தேன், ரத்தமாகச் சிவந்துவிட்டது. தண்ணீருக்கு வைத்த பிரஷ்யன் நீலம் பழுப்பாகிவிட்டது. "வெள்ளையடிக்க வாங்கி வைத்த சுண்ணாம்பு போச்சு" என்று அப்பச்சி திட்டுகிறார்கள். எங்கே தப்பு?*
மாணவி, கோத்தமங்கலம்

மஞ்சளை முதலில் முடித்துவிடுகிறேன் அம்மா, சிரிப்பு அடங்கவில்லை. உங்கள் வீட்டில் ஆரத்தி கரைப்பதை நீ பார்த்ததே இல்லையா? மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்புத்தானே. அப்பத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் தாமரை பிழைத்திருக்கும். சுண்ணாம்பின் காரம் பட்டதும் மஞ்சள் சிவக்கிறது, அந்தச் சிவப்பும் வெயிலில் நிற்காது. பிரஷ்யன் நீலமும் அதே காரத்தில்தான் கெட்டது, நீலம் போய்த் துரு நிறம் மட்டும் மிச்சமாகியிருக்கும்.

காரத்தைத் தாங்குகிற நிறங்கள் கொஞ்சம்தான்: காவி, மஞ்சள் காவி, பச்சை மண், கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பே. சித்தன்னவாசல் விதானத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் வரைந்தவர்கள் யானை, எருமை, மீன், பூப்பறிக்கிற ஆள் என்று ஒரு குளத்தையே கொண்டுவந்தது பெரும்பாலும் இந்த நாலைந்து நிறத்தில்தான். நீலம் வேண்டுமென்றால் அல்ட்ராமரைன் தாங்கும். அந்தக் காலத்தில் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் ஒரு பொட்டலம் நீலம் கலப்பார்களே, அந்தத் தூள் அல்ட்ராமரைன்தான். சொட்டு நீலம் வேண்டாம், அது சாயம்.

இனி வெடிப்பு. சுண்ணாம்பு காயும்போது சுருங்கும். மணல் குறைந்தால், பூச்சு தடித்தால், வெயில் சுரீரென்று அடித்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? நீ மூன்றையும் ஒரே நாளில் செய்திருக்கிறாய், அதுவும் பிளைவுட்டின் மேல். பிளைவுட் தண்ணீரைக் குடித்து முறுக்கிக்கொள்ளும். மாடித் தளத்துக்குப் போடுகிற தட்டோடு இரண்டு வாங்கி, குமிழி வருவது நிற்கும்வரை தண்ணீரில் ஊறப்போடு. நீற்றிய சுண்ணாம்பைப் பானையில் தண்ணீருக்கடியில் எத்தனை நாள் வைக்கிறாயோ அத்தனைக்கு நல்லது, மாதக்கணக்கில் வைத்தால் வெண்ணெய் மாதிரி ஆகும். நம் வீடுகளைக் கட்டினவர்கள் அந்தச் சுண்ணாம்பை மாடு கட்டி அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து, மெல்லிசாகப் பல பூச்சுப் பூசினார்கள், அதனால்தான் இன்றைக்கும் பட்டாலைச் சுவரில் கன்னத்தை வைத்தால் கண்ணாடி மாதிரி ஜில்லென்று இருக்கிறது. நீ அவ்வளவு தூரம் போக வேண்டாம். முதல் பூச்சு ஒன்றுக்கு மூன்று மணல், அரை விரற்கடைக்கு மேல் வேண்டாம், நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடு. அடுத்தது சலித்த மணலில் அதைவிட மெல்லிசு. விரலால் தொட்டால் ஒட்டாமலும், அழுத்தினால் தடம் விழுந்தும் இருக்கிற நேரம் ஒன்று வரும், அப்போது தண்ணீரில் மட்டும் குழைத்த நிறத்தை வை, பசை எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக் கல்லாக மாறும்போது நிறத்தையும் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு வைத்தால் பிடிக்காது, உதிரும்.

ஒவ்வோர் ஓட்டின் முதுகிலும் ஆணியால் தேதி, சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறியது, வெயிலா மழையா என்று கீறி வை. உடைந்த ஓட்டையும் எறியாதே. அப்புறம், சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் விளையாட்டில்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு செய். அப்பச்சியிடம் புதுச் சுண்ணாம்பு வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த பரிசோதனையை ஆரம்பி.

*சார், சென்னையில் ஒரே நாளில் எழும்பூர் மியூசியம், லலித் கலா அகாடமி, சோழமண்டலம் ஓவியர் கிராமம் மூன்றும் பார்த்தேன். போனில் நானூறு படம் இருக்கிறது. மனதில் ஒன்றும் நிற்கவில்லை. நான் கலைக்கு லாயக்கில்லையா?*
ஓவிய மாணவன், தேவகோட்டை

தம்பி, மூன்று கல்யாணத்தில் ஒரே நாளில் சாப்பிட்டுவிட்டு எந்த வீட்டு உக்காரை நன்றாக இருந்தது என்று கேட்டால் யார்தான் சொல்வார்கள்.

பல்லவன் ரயிலில் விடியற்காலை ஏறினால் மதியவாக்கில் எழும்பூர், அங்கிருந்து மியூசியம் நடக்கிற தூரம். அன்றைக்கே திரும்புகிற யோசனையை விட்டுவிடு, யார் வீட்டிலாவது தங்கு. வெள்ளிக்கிழமை போகாதே, விடுமுறை. படிமக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். அவர் ஒருவரே ஒரு நாளைக்குப் போதும். முதலில் கைகால்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவே இருக்கிற காலி இடங்களை மட்டும் வரை. தூக்கிய காலுக்கும் வீசிய கைக்கும் நடுவே ஒரு வடிவம் இருக்கும் பார், அது சரியாக வந்தால் மற்றது தானாக வரும். மற்ற படிமங்களில் முதுகுப் பக்கம் போக முடிந்தால் போய்ப் பார். பீடத்தில் துளையும் வளையமும் எதற்கு என்று யோசி, இதெல்லாம் கம்பு கட்டி வீதியுலா தூக்கிப் போன சாமிகள். மெழுகில் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றிய வேலை. அதனால் நீ பார்க்கிற ஒவ்வொரு வளைவும் ஒருவர் விரலால் மெழுகில் அழுத்தியது. படம் வரையப் பென்சில் போதும், காவலரிடம் கேட்டுக்கொண்டு உட்கார். ரயிலுக்குக் காசில்லை என்றால் திருக்கோகர்ணத்தில் புதுக்கோட்டை மியூசியம் இருக்கிறது, பஸ்ஸில் போய் வந்துவிடலாம்.

இன்னொன்று. கேலரி என்றால் சுவரில் படம் மாட்டிய இடம்தான் என்று நினைக்காதே. ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் ஊற்றுகிற கொட்டகையில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார். தரையில் கண்ணாடிச் சில்லு, அதன்மேல் அச்சு, அச்சின் அறை அறைக்குள் கரண்டியால் நிறம் ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சைத் தூக்குவார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று ஓடிக் கலக்காது. அதன்மேல் உலர்ந்த கலவையைத் தூவி ஈரத்தை எடுத்து, பின்னால் கரணையால் சாந்து வைத்துச் சமன் செய்து, இறுகினதும் தண்ணீர்த் தொட்டி. சூளை கிடையாது. கண்ணாடி பிரியும்போது பளபளப்பு கல்லோடு வந்துவிடும்.

நான் இருபத்திரண்டு வயதில், பெரிய ஓவியன் என்ற நினைப்பில், உறவுக்காரர் ஒருவர் வீட்டு முகப்புக்கு அவர் பெயரின் முதல் எழுத்தை வைத்து ஒரு கல் டிசைன் போட்டுக் கொடுத்தேன். ஊற்றி எடுத்துப் பார்த்தால் எழுத்து இடவலம் மாறி நிற்கிறது! முகம் கண்ணாடிப் பக்கம் கவிழ்ந்திருக்கிறது, நாம் பார்ப்பது முதுகை, என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கல் ஊற்றியவர் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார், அதுதான் நான் வாங்கிய பெரிய விமர்சனம். வரைந்தது ஒரு பக்கம், வந்தது மறுபக்கம். ஒரு பொருள் எந்த வரிசையில் உருவாகிறது என்று தெரியாமல் அதன் மேல்தோற்றத்தை மட்டும் வரைகிறவனுக்கு இப்படித்தான் ஆகும்.

*எங்கள் வளவில் ரவிவர்மா லட்சுமி, சரஸ்வதி படங்கள் மாட்டியிருக்கின்றன. மகன் அதையே பார்த்துப் பார்த்து வரைகிறான். ஓவியக் கல்லூரியில் சேர ஆசைப்படுகிறான். இப்படிக் காப்பி அடிப்பது கையைக் கெடுத்துவிடுமா?*
வாசகி, பள்ளத்தூர்

கெடுக்காது ஆச்சி, நன்றாக அடிக்கட்டும். ஆனால் எதைக் காப்பி அடிக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது அநேகமாக அச்சுப்படம். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் ஆரம்பித்த அச்சகத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல் என்று வைத்து அடித்த லித்தோ வேலை. பையனிடம் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுங்கள். சரஸ்வதியின் கன்னம் பொடிப்பொடிப் புள்ளியாகத் தெரியும். தைல வண்ணத்தில் அவர் தீற்றியது எப்படி இருக்கும் என்று பார்க்க எழும்பூரில் அசல் ஓவியங்கள் இருக்கின்றன. உங்கள் படத்தில் சேலைக்கு ஜரிகையும் சமிக்கியும் ஒட்டித் தைத்திருந்தால் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பெண்கள் கை வைத்த வேலை அது, எனக்கு அச்சைவிட அதுதான் உசத்தி.

வீட்டில் கண்ணாடி ஓவியம் இருந்தால் அதையும் காப்பி அடிக்கச் சொல்லுங்கள். பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்று போதும், ஓரத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துக் கொடுங்கள். அங்கேயும் பின்னாலிருந்துதான் வேலை. கண்மணி, மூக்குத்தி, நகை முதலில், உடல் நிறம் அப்புறம், பின்னணி கடைசி. மூக்குத்தியை மறந்துவிட்டு முகத்துக்கு நிறம் கொடுத்தால் அம்பாள் மூக்குத்தி இல்லாமலேயே இருக்க வேண்டியதுதான், மேலே வைத்துச் சரிக்கட்ட முடியாது. நாலு கண்ணாடி பாழானால் கை தானாக யோசிக்க ஆரம்பிக்கும். கூடவே தினம் ஒரு சொம்பு, ஓர் ஓலைக் கொட்டான் என்று எதிரே பொருளை வைத்தும் வரையட்டும், படத்தைப் பார்த்தே பழகின கண்ணுக்கு நிழல் எங்கே விழுகிறது என்று தெரியாது.

*சோழமண்டலத்தில் கே.சி.எஸ். பணிக்கர் ஓவியம் பார்த்தேன். ஜாதகக் கட்டம் மாதிரி கோடு, படிக்க முடியாத எழுத்து. இதை எப்படி ரசிப்பது?*
வாசகர், காரைக்குடி

ஐயா காலத்துப் பேரேடு வீட்டில் இருந்தால் எடுத்துத் தலைகீழாகப் பிடியுங்கள். பர்மாக் கணக்கு என்பது மறந்துபோய், மை எங்கே ஊறியிருக்கிறது, எழுத்து எங்கே நெருங்கி எங்கே விலகுகிறது, சிவப்புக் கோடு எப்படி நெடுக இறங்குகிறது என்பதெல்லாம் கண்ணில் படும். பணிக்கர் 1963 தொடங்கி 'வார்த்தைகளும் குறியீடுகளும்' என்ற வரிசையில் அர்த்தத்தைக் கழற்றிவிட்டு எழுத்தை இப்படித்தான் நிறுத்தினார். 1966-ல் சோழமண்டலத்தை ஆரம்பித்தவரும் அவர்தான். பார்த்து முடித்ததும் பேரேட்டை நேராகத் திருப்பி வைத்துவிடுங்கள், வரவேண்டிய பாக்கி ஏதாவது இருக்கப் போகிறது.