காவலாளி சொன்னதற்காகப் படங்களை அழிக்க வேண்டுமா?

நடைபாதையில் நின்று ஒரு கண்ணாடிக் கட்டிடத்தைப் படம் எடுத்ததற்குக் காவலாளி லென்ஸைக் கையால் மறைத்து, மிரட்டிப் படங்களை அழிக்க வைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், படிக்கவே கோபம் வருகிறது. முதலில் அந்த மெமரி கார்டை வெளியே எடுத்து வையுங்கள், புதிதாக எதுவும் பதியாதவரை மீட்பு மென்பொருளில் பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிடும்.

பொதுவாகக் காவலாளியின் அதிகாரம் வளாகத்தோடு சரி. உள்ளே நின்றால் வெளியே போகச் சொல்லலாம், அவ்வளவுதான். அமெரிக்காவில் கைதானவரின் போனைத் துழாவவே போலீசுக்கு வாரண்ட் வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, காவலாளி எம்மாத்திரம்?

ராணுவ இடங்கள் பல நாடுகளில் தனிச் சட்டத்தில் வரும், அங்கே மட்டும் வாதாட வேண்டாம். அப்புறம், டிரைபாட் (கேமரா முக்காலி) வழியை மறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை "எந்தச் சட்டப்படி?" என்று நிதானமாகக் கேட்டு, காவலாளியையே போலீசைக் கூப்பிடச் சொல்லுங்கள்.