ஐந்து மணி வரை பள்ளி என்றால் எப்போது படிப்பாள்?

கணவருக்குச் செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலையில் வேலை கிடைத்து மலேசியாவின் நீலாய்க்குக் குடிவருகிறோம், எட்டாம் வகுப்புக்குப் போகவேண்டிய மகளுக்குப் பிரிட்டிஷ் பன்னாட்டுப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். பள்ளி அனுப்பிய அட்டவணையைப் பார்த்துவிட்டு, "நீச்சல், நாடகம், விவாதம் என்று தினமும் ஐந்து மணி வரை இழுக்கிறதே அக்கா, பிள்ளை எப்போது படிப்பாள்?" என்று கேட்கிறார்.

படிப்பாள், கவலை வேண்டாம். நான் பயந்தது வேறு, கெடுத்தது வேறு. பத்து ஆண்டுகளுக்கு முன் மகனை இயர் 7-இல் (நம் ஊர் ஆறாம் வகுப்பு) சேர்த்தபோது, கட்டிய காசுக்கு ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்ற திருச்சிக் கணக்கு எனக்கு. நீச்சல், பாட்மின்டன், வயலின், சதுரங்கம், ரோபாட்டிக்ஸ் என ஐந்து நாளுக்கு ஐந்தையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் வாரம், கழுத்தில் ஈரத் துண்டும் மடியில் பிரிக்காத நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலமுமாகக் காரிலேயே தூங்கிப்போனான். வாசலில் எழுப்பினால், "அம்மா, இன்று வயலினா நீச்சலா?" என்கிறான். அடுத்த பருவத்தில் இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். பாட்மின்டன் பள்ளி முடியும் வரை கூடவே வந்தது. வயலின் இப்போது அலமாரி மேல் இருக்கிறது.

உள்ளூர்த் தமிழர்கள் இவற்றைப் புறப்பாட நடவடிக்கை என்பார்கள். பெயரில்தான் புறம். சேர்ந்த உடனேயே பிள்ளையை ஓர் இல்லத்தில், அதாவது 'ஹவுஸ்' என்கிற மாணவர் அணியில், போட்டுவிடுவார்கள். ஓட்டப்பந்தயமோ நாடகமோ, வாங்கும் புள்ளி இல்லத்துக்குச் சேரும். புதிதாக வரும் பெண்ணுக்கு வகுப்பில் தோழி கிடைப்பதற்கு முன் இல்லத்தில் கிடைத்துவிடுவாள். உள்ளூர் மாணவர் சேர்க்கைக்கு இருந்த உச்சவரம்பை அரசு 2012-இல் நீக்கியதால் மலேசியப் பிள்ளைகளும் நிறைய இருப்பார்கள். ஆகவே தமிழ் பேசும் தோழிக்கும் பஞ்சமில்லை.

இதெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு உதவுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் முதலில் பார்ப்பது பள்ளி முடிவில் எழுதும் ஏ லெவல் தேர்வின் மதிப்பெண்ணைத்தான். இசைத் தேர்வில் 6 முதல் 8 வரையிலான கிரேடுகளுக்கு, பிரிட்டிஷ் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸின் புள்ளி உண்டு என்பது உண்மை; அதற்காக மட்டும் வயலின் வாங்காதீர்கள். தனி இசை வகுப்புக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் வேறு. இயர் 10, 11-இல் ஐஜிசிஎஸ்இ பொதுத்தேர்வு நெருங்கும்போது அவளே ஒன்றைக் கைவிடுவாள், விடட்டும்.

ஒன்றை மட்டும் விடவேண்டாம் என்பேன். 14 வயதானதும் எடின்பரோ கோமகன் பன்னாட்டு விருது என்ற இளைஞர் திட்டத்தில் சேரலாம். 1956-இல் பிரிட்டனில் தொடங்கியது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகள். வெண்கலத்துக்குச் சேவை, திறன், உடற்பயிற்சி ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று மாதம், அவற்றில் ஒன்று மட்டும் ஆறு மாதம். கூடவே இரண்டு பகல் ஓர் இரவு நடைப்பயணம். சேவைக்கு எங்கே போவது என்று மகன் விழித்தபோது, பக்கத்து எஸ்டேட்டின் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினேன். சனிக்கிழமைகளில் மூன்று சிறுவர்களோடு உட்கார்ந்து ஆங்கிலக் கதை வாசிப்பது அவன் வேலை. முதல் நாள் ஒருவனிடம், "ரப்பரைக் கொடு" என்று கேட்டிருக்கிறான். "ரப்பர் என்றால் மரம், அண்ணா. இது அழிப்பான்" என்று பதில் வந்ததாம். அந்தப் பையனின் பாட்டி பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். அதற்குப் பிறகுதான் என் மகன், தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் செம்பனைத் தோட்டங்களுக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினான். பன்னாட்டுப் பள்ளியின் வாசலுக்குள்ளேயே ஆறு ஆண்டுகளைக் கழித்துவிட்டு, இந்த ஊரில் ஒரு தெருப்பெயர்கூடத் தெரியாமல் லண்டனுக்குப் போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

மற்றவை சில்லறை. பிற்பகலில் இடி மின்னல் வந்தால் திடலைக் காலி செய்துவிடுவார்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளி விளையாட்டு நின்றுவிடும். ஐந்து மணிக்குப் பிறகு பள்ளி பஸ் உங்கள் குடியிருப்பு வரை வருமா என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். விளையாட்டுக் காலணி இரண்டு ஜோடி வாங்கிவிடுங்கள். இந்த ஊர் மழைக்கு ஒன்று மறுநாளைக்குள் காயாது.