ஊசி முனையில்: துரைசாணி தந்த சால்வை

கேள்வி: எங்கள் அம்மாயி பெரிய துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குத் திரும்பிய துரைசாணி அவருக்கு ஒரு கறுப்புப் பட்டுச் சால்வையைக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஐந்தடிச் சதுரம், சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிய பூக்கள், சுற்றிவர ஒன்றரை அடிக் குஞ்சம். பொலித்தீன் பையில் போட்டு ட்ரங்குப் பெட்டியில் வைத்திருந்தோம், பூஞ்சணம் பிடித்துவிட்டது. கழுவி, வெட்டி, மகளின் சாமத்தியச் சடங்குக்குச் சட்டை தைக்கலாமா டீச்சர்?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள் தங்கச்சி. மற்றதைப் பிறகு பேசலாம்.

முதலில் சால்வையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கமும் முன்பக்கம் போலவே, முடிச்சோ நூல் வாலோ தெரியாமல் இருக்கிறதா? அப்படியானால் அது கை வேலை, பெரும்பாலும் சீனத்துக் கன்டன் நகரத்து வேலை. மெஷினில் பூப்போட்டிருந்தால் பின்பக்கத்தில் அடிநூல் தனியாக ஓடுவது தெரியும். பட்டுதானா என்று சந்தேகம் வந்தால், குஞ்சத்திலிருந்து உதிர்ந்த ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகிய வாசம் அடித்தால் பட்டு. கடதாசி எரியும் வாசம் வந்தால் ரேயான்.

இந்தச் சால்வைக்கு ஸ்பெயினில் 'மணிலா சால்வை' என்று பெயர். மணிலாவில் யாரும் அதைத் தைக்கவில்லை. கன்டனில் பூப்போட்டது மணிலா போய், அங்கிருந்து கப்பலில் மெக்சிகோவின் அகபுல்கோ துறைக்குப் போய், பிறகு ஸ்பெயினில் இறங்கியது. 1565 முதல் 1815 வரை அந்தக் கப்பல்கள் ஓடின. கப்பல் ஏறிய ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது, ஊசி பிடித்தவர்களின் ஊர் மறந்துபோனது. (தேயிலைப் பெட்டியில் யார் பெயர் இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா என்ன?) பகோடாக் கோபுரமும் மூங்கிலும் இருந்த இடத்துக்கு ஸ்பெயின்காரிகளின் விருப்பப்படி ரோஜா வந்தது. சில சால்வைகளில் சீன உருவங்களின் முகத்தை மட்டும் தந்தத்தில் செய்து ஒட்டியிருப்பார்கள். செவில் நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைப் பெண்கள் முதல் சீமாட்டிகள் வரை அதைப் போர்த்தினார்கள். இங்கிலாந்து வீடுகளிலோ அதைப் பியானோவின்மேல் விரித்துவைத்தார்கள். உங்கள் துரைசாணி எதற்கு வைத்திருந்தாரோ! பம்பாய்ப் பார்சிப் பெண்களின் 'கரா' சேலைக்கும் அதே கன்டன் ஊசிதான்.

இனிப் பூஞ்சணம். தண்ணீரே காட்டாதீர்கள். நான் பட்டுத்தான் சொல்கிறேன்: இளவயதில் எனக்குக் கிடைத்த சீனத்து மேசை விரிப்பொன்றைச் சவர்க்காரத் தூளில் ஊறவைத்தேன். அரை மணியில் சிவப்பு இறங்கி, வெள்ளைத் தாமரையெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது. இன்றும் அது என் தையல் மெஷினுக்கு மூடியாகக் கிடக்கிறது, எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு.

மழையும் பனியும் இல்லாத நாளாகப் பார்த்து, வாசலில் நிழலில் ஒரு வெள்ளைத் துணிமேல் விரியுங்கள். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் பூஞ்சணத்தைத் தள்ளுங்கள், தேய்க்க வேண்டாம். வெயில் கூடாது, நிறம் போய்விடும். பொலித்தீன் பையை எறிந்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் அது உள்ளேயே வியர்க்கும். ட்ரங்குப் பெட்டியின் துருவும் பட்டில் படக்கூடாது. துணிக்கடையில் அட்டை உருளை ஒன்று கேட்டு வாங்கி, பழைய வெள்ளை வேட்டியைச் சுற்றி, அதன்மேல் சால்வையைச் சுருட்டுங்கள். கொடியில் தொங்கவிடாதீர்கள், குஞ்சத்தின் பாரமே பழைய பட்டைக் கிழித்துவிடும்.

சடங்குக்கு உங்கள் மகள் அதை வெட்டாமலே போர்த்தலாம். மூலைக்கு மூலை முக்கோணமாக மடித்து, உள்மடிப்பு நாலு விரல் கீழே தெரியும்படி தோளில் போடுங்கள். அப்போது கீழே தெரிவது சால்வையின் பின்பக்கம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் பூப்போட்டவளின் கெட்டித்தனம் அங்கேதான் தெரியும். ஊக்குக் குத்தியே ஆகவேண்டுமென்றால் பட்டில் குத்தாமல், குஞ்சத்தின் முடிச்சு இடைவெளியில் கோத்துச் சட்டையில் குத்துங்கள். பிள்ளைக்குச் சட்டை வேண்டுமானால் ஹட்டனில் துணி எடுத்தால் போகிறது. ஒரு மாலை அணிந்துவிட்டு அவளே திரும்பச் சுருட்டி வைக்கட்டும்.

கேள்வி: கூறைச் சேலையின் ஜரிகை கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
– இன்னொரு வாசகி, நுவரெலியா

பதில்: புளி குத்துவிளக்குக்கு! நல்ல ஜரிகையில் வெள்ளி இருக்கிறது, வெள்ளி கறுக்கும். உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். சேலை மடிப்பில் ரப்பர் வளையம் போட்டிருந்தால் உடனே கழற்றுங்கள், சென்ட்டையும் சேலைமேல் அடிக்காதீர்கள். உள்ளே சிவப்பாகச் செம்பு தெரிந்தால் அது மலிவு ஜரிகை, கடைக்காரரைத்தான் கேட்கவேண்டும்.