முந்திரி உடைசலும் கேமராவும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் பண்ருட்டி பக்கம், காடாம்புலியூர். வீட்டில் சின்னதாக முந்திரி உடைக்கும் பட்டறை நடத்துகிறோம். மெஷினில் வெட்டும்போது 100 கொட்டைக்கு 20க்குக் குறையாமல் பருப்பு உடைகிறது. பிளேடைச் சாணை பிடித்துப் பார்த்தோம், புதிதாகவும் மாற்றினோம், பலனில்லை. ஒவ்வொரு கொட்டையையும் கேமரா அளக்க, அதற்கேற்ப சர்வோ மோட்டார் (சொன்ன அளவுக்கு மட்டும் துல்லியமாகத் திரும்பி நிற்கும் மோட்டார்) பிளேடு இடைவெளியை மாற்றுவதுபோல் ஒரு மெஷினை ப்ராஜெக்ட்டாகச் செய்ய நண்பர்கள் நாலு பேர் திட்டமிட்டிருக்கிறோம். சரியாக வருமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிளேடை மாற்றியும் பலனில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். பிறகு ப்ராஜெக்ட் ஏன் பிளேடையே சுற்றி வருகிறது? உடைசலில் பெரும்பங்கு கொட்டை பிளேடுக்கு வருமுன்பே, அதை ஆவியில் வேகவைக்கும் குக்கரிலும் அளவு பிரிக்கும் சல்லடையிலும் முடிவாகிவிடுகிறது.

ஒரு நாள் உடைசலைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். வெட்டின கையோடு எடுத்ததாக இருக்கவேண்டும். காயவைத்துத் தொலி உரித்த பிறகு பார்த்தால் எந்தக் கட்டத்தில் உடைந்தது என்று சொல்லமுடியாது. பருப்பின் விளிம்பில் கத்தி பட்ட கோடு இருந்தால் பிளேடு ஆழமாகப் போயிருக்கிறது. பருப்பில் ஒரு துண்டு ஓட்டோடு ஒட்டிப் பிய்ந்திருந்தால் வேக்காடு போதவில்லை, அல்லது ஆறுமுன் வெட்டிவிட்டார்கள். வெட்டுக்காயமே இல்லாமல் இரண்டாகப் பிளந்திருந்தால் ஓட்டைத் திறக்கும் திருகலைச் சந்தேகப்படுங்கள். பருப்பில் பழுப்பாக எண்ணெய்க் கறை இருந்தால் ஓடு அறுபடாமல் நசுங்கியிருக்கிறது. இந்த நாலுக்கும் வைத்தியம் வேறு வேறு. புது பிளேடு உதவுவது கடைசி ஒன்றுக்குத்தான், அதிலும் பாதிக்குத்தான்.

மீதிப் பாதி எங்கே என்று ஒரு கணக்கில் தெரிந்துவிடும். முந்திரி ஓட்டின் கனம் சுமார் 3 மி.மீ. 20 மி.மீ. கொட்டைக்குச் சரியாக இருக்க, இரண்டு பிளேடும் 14 மி.மீ. இடைவெளியில் வந்து நிற்கும்படி வைக்கிறீர்கள் என்று கொள்வோம். பக்கத்துக்கு 3 மி.மீ. உள்ளே போகும், ஓடு அறும். அதே செட்டிங்கில் 24 மி.மீ. கொட்டை வந்தால் பக்கத்துக்கு 5 மி.மீ. இறங்கும். ஓட்டைத் தாண்டி 2 மி.மீ., அதாவது பருப்பின்மேல். 18 மி.மீ. கொட்டை வந்தால் 2 மி.மீ.தான் இறங்கும், அறாத ஓட்டைத் திருகி நசுக்கும். வெந்து ஆறிய கொட்டையில் பருப்பு லேசாகச் சுருங்கி ஓட்டை விட்டு விலகியிருக்கும். நமக்குக் கிடைக்கிற சலுகை அந்தச் சின்ன இடைவெளி மட்டுமே.

உங்கள் பகுதியில் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட முந்திரி வகைகளில் வி.ஆர்.ஐ. 2 கொட்டை சுமார் 5 கிராம், வி.ஆர்.ஐ. 3 சுமார் 7 கிராம். இதோடு இறக்குமதியாகும் ஆப்பிரிக்கக் கொட்டையையும் ஒரே குவியலில் சேர்த்தால் எந்த பிளேடும் தோற்கும். ஆகவே ப்ராஜெக்ட்டாகச் செய்யவேண்டியது சல்லடை டிரம், அதாவது துளைத் தகட்டை வளைத்துச் செய்த, சுழன்று கொட்டையை அளவுவாரியாகப் பிரிக்கும் உருளை. 18, 20, 22, 24 மி.மீ. துளைகள் என்று 2 மி.மீ. படியில் பிரித்தால் ஒரு ரகத்துக்குள் பிளேடு ஆழம் பக்கத்துக்கு அரை மி.மீ.க்கு மேல் தவறாது. வட்டத் துளை கொட்டையை அகலத்தால் பிரிக்கும், நீள் துளை கனத்தால் பிரிக்கும். உங்கள் பிளேடு எந்தப் பக்கத்தில் மூடுகிறது என்று பார்த்துத் துளையைத் தேர்ந்தெடுங்கள். இதைப் பார்க்காமல் கடையில் கிடைத்த தகட்டை வளைத்துவிடுவதுதான் வழக்கமான கோளாறு.

டிரம் விட்டம் 60 செ.மீ. என்றால் நிமிடத்துக்குச் சுமார் 55 சுற்றில் கொட்டை சுவரோடு ஒட்டிச் சுற்ற ஆரம்பிக்கும் (42.3ஐ மீட்டரில் உள்ள விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது). 15 முதல் 20 சுற்றுக்குள் ஓட்டுங்கள், சாய்வு 3 முதல் 5 டிகிரி. துளையில் சிக்கும் கொட்டையை வெளியிலிருந்து தள்ள மேலே ஒரு ரப்பர் உருளை வேண்டும். அதை மறந்தால் துளைகள் பாதி அடைத்து, சின்னக் கொட்டையெல்லாம் பெரிய ரகத்தில் போய் விழும்.

கேமரா கெட்ட யோசனை என்று சொல்லமாட்டேன். ஆனால் நொடிக்கு ஒரு கொட்டை என்று வைத்தாலும், 6 கிராம் கொட்டையில் மணிக்கு 21.6 கிலோதான். 80 கிலோ மூட்டைக்கு மூன்றே முக்கால் மணி நேரம். போதாததற்கு, வெட்டும் இடத்தில் தெறிக்கும் ஓட்டெண்ணெய் லென்ஸில் படியும், நாளாக நாளாகப் பிசினாக இறுகும். கையில் பட்டால் தோல் வெந்துபோகிற அதே எண்ணெய்தான். அங்கே பேரிங் வைப்பதானாலும் இருபுறமும் சீல் உள்ளதாக வையுங்கள்.

குக்கருக்கு வருவோம். கேஜ் (அழுத்தமானி) சதுர செ.மீ.க்கு 1 கிலோ காட்டினால் நீராவி 120 டிகிரி இருக்கவேண்டும். உள்ளே இருந்த காற்றை வெளியே விடாமல் வால்வை மூடினால் கேஜ் அதே 1 கிலோ காட்டும், வெப்பம் குறைவாக இருக்கும். எனவே ஆவி தொடர்ந்து பீய்ச்சும்வரை வென்ட்டை (காற்றுப்போக்கியை) திறந்து வைத்து, பிறகு மூடி, அப்போதிருந்து நேரத்தைக் கணக்கிடுங்கள். அடியில் துளைத்தட்டும் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் காக்கும் (வடிகுழாய்த் திருகும்) இல்லாவிட்டால் கீழ்க்கொட்டை தண்ணீரில் கிடந்து ஊறும், மேல்கொட்டை சரியாக வேகும், ஒரே ஈடு இரண்டு விதமாக வரும். இறக்கியதும் மூட்டையாகக் கட்டாமல் மெல்லப் பரப்பி, மறுநாள் வெட்டுங்கள். ஆர்டர் அவசரத்தில் சூட்டோடு வெட்டினால் மேலே சொன்ன பிய்ந்த பருப்புதான்.

சோதனைக்கு ஒரே ரகக் கொட்டை, ஒரே பிளேடு, ஒரே ஆள். வேகும் நேரத்தை மட்டும் 15, 20, 25 நிமிடம் என்று மாற்றுங்கள். அடுத்த சுற்றில் ஆறும் நேரத்தை மட்டும், 12, 24 மணி. ஒவ்வொரு ஈட்டிலும் 400 கொட்டையாவது எண்ணவேண்டும். 100ஐ எண்ணி 20 சதவீத உடைசல் வந்தால் அது சுமார் 4 சதவீதம் வெறும் தற்செயலாகவே ஏறி இறங்கும், 400 எண்ணினால் அது 2 ஆகக் குறையும். 50 கொட்டையை வைத்து ‘உடைசல் 5 சதவீதம் குறைந்தது’ என்று அறிக்கை எழுதுகிற ப்ராஜெக்ட்டுகள் ஏராளம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாரும் கேட்பதில்லை, உங்கள் அப்பா கேட்பார்.

எண்ணும்போது முழுசு, கத்திக்காயம், பிய்ந்தது, பிளந்தது, கறை என்று தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். ரகம் பிரித்து, வேக்காடும் சரிசெய்த பிறகும் கத்திக்காயப் பத்தியே பெரிதாக நின்றால், அப்போது சர்வோ மோட்டாருக்குக் காசு செலவழிக்கலாம். அந்தத் தாளை அனுப்புங்கள், பார்க்கிறேன்.