ஆயில் ஃபில்டர் ஒழுகுதா? புது ஃபில்டர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்: பழைய வண்டிக்காரர்களின் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணாச்சி, எங்க அப்பா காலத்து அம்பாசடர், பெட்ரோல், 1.5 இன்ஜின். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி ஒரு வாரம்கூட ஆகலை. ஆரியங்காவு ஏறி புனலூர் போய்ட்டு வந்தா ஃபில்டர் பவுலைச் சுற்றி எண்ணெய் வடியுது, போர்டிகோ தரையெல்லாம் கறை. மெக்கானிக் ரெண்டு தடவை இறுக்கிப் பார்த்தாச்சு. ஃபில்டர் மட்டமா இருக்குமோ, வேற கம்பெனி வாங்கட்டுமான்னு கேக்குறேன். (செங்கோட்டை)

பதில்: இன்னொரு ஃபில்டருக்கு இப்போதே காசு போடாதீங்க தம்பி. உங்கள் வண்டியில் இருப்பது பி.எம்.சி. பி-சீரிஸ், 1489 சி.சி. இன்ஜின். அதில் ஃபில்டர் என்று நாம் சொல்வது பவுலுக்குள், அதாவது இரும்புக் கிண்ணத்துக்குள் உட்காரும் காகித எலிமென்ட் மட்டும்தான். எண்ணெய் வெளியே வராமல் பிடிப்பது அந்த எலிமென்ட் இல்லை, பவுலின் வாய் போய்ப் பதிகிற பள்ளத்துக்குள் இருக்கும் ரப்பர் ரிங்கும், பவுலின் அடியிலிருந்து மேலே போகிற நீள போல்ட்டின் தலையில் இருக்கும் வாஷரும்தான். எந்தக் கம்பெனி எலிமென்ட் போட்டாலும் இந்த இரண்டும் சரியில்லை என்றால் ஒழுகத்தான் செய்யும்.

நான் பார்த்தவரை பத்து வண்டியில் ஏழெட்டு வண்டிக்குக் காரணம் ஒன்றுதான், பழைய ரிங்கை எடுக்காமல் அதன் மேலேயே புது ரிங்கை வைத்துவிடுவது. பல வருடம் சூட்டில் வெந்த ரிங் கறுத்து, கல் மாதிரி இறுகி, பள்ளத்தோடு பள்ளமாகப் படிந்துவிடும், வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாலும் அது இரும்பா ரப்பரா என்று தெரியாது. ஒரு கோணி ஊசியையோ கூர்மையான கம்பியையோ பள்ளத்தில் விட்டு நெம்பிப் பாருங்கள், துண்டு துண்டாக உடைந்து வந்தால் அதுதான் பழைய ரிங். சில வண்டிகளில் இரண்டு ரிங் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கடைசித் துணுக்கு வரை எடுத்து, பெட்ரோல் நனைத்த துணியால் பள்ளத்தைத் துடைத்து, விரல் விட்டுச் சுற்றிவரத் தடவினால் எங்கேயும் தட்டக் கூடாது.

அடுத்தது ரிங்கின் அளவு. இந்த எலிமென்ட் பெட்டிக்குள் சில சமயம் இரண்டு மூன்று ரிங் வெவ்வேறு கனத்தில் போட்டிருப்பார்கள். பவுல் போய் மாட்டுகிற ஃபில்டர் தலை ஒரே இன்ஜினுக்கே வேறு வேறு மாதிரி வந்திருப்பதால் அப்படிக் கொடுக்கிறார்கள், எல்லாவற்றையும் மாட்டுவதற்காக இல்லை. பள்ளத்தில் லேசாக அழுத்தினால் இறுகி உட்கார்ந்து, தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் நிற்கிற ரிங்தான் உங்கள் ரிங். மெல்லிய ரிங்கை வைத்தால் பவுலின் விளிம்பு அதைச் சரியாக அமுக்காது, இழுத்து மாட்டுகிற சின்ன ரிங் சூடேறியதும் சுருங்கி ஒரு பக்கம் வெளியே தள்ளிக்கொள்ளும்.

இறுக்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு தடவை இறுக்கினார் என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கவலை. இந்த இன்ஜினின் பட்டறைக் கையேடுகளில் அந்த நடு போல்ட்டுக்குச் சொல்லியிருக்கும் டார்க், அதாவது இறுக்கும் அளவு, 15 பவுண்டு-அடி, ஏறக்குறைய 2 கிலோகிராம்-மீட்டர்தான். அது சாதாரண ஸ்பேனரில் ஒரு கை இழுப்பு, அவ்வளவே. இரண்டு கையும் போட்டு இழுத்தால் பவுலின் அடிப்பாகம் உள்வாங்கும், விளிம்பு கோணும், ஃபில்டர் தலையில் மரை போய்விட்டால் லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பவுலைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். விளிம்பு முழுக்கக் கண்ணாடியில் படிந்தால் பவுல் நல்ல பவுல். ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தால் ரிங் மாற்றிப் பயனில்லை, பவுலைத்தான் தேட வேண்டும். மாட்டும்போது போல்ட்டை இறுக்கிக்கொண்டே மறு கையால் பவுலை முன்னும் பின்னும் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள், விளிம்பு தானாகவே பள்ளத்தில் போய் உட்காரும். ரிங்குக்குப் புது ஆயில் தடவினால் போதும், கேஸ்கெட் பேஸ்ட் எதுவும் வேண்டாம். பேஸ்ட் பிசிறு உள்ளே போனால் எண்ணெய் ஓட்டையை அடைக்கும், அது ஒழுகலைவிட மோசம்.

பவுலைக் கழற்றியதோடு உள்ளே இருக்கிற சாமான்களையும் பார்த்துவிடுங்கள். ஸ்பிரிங், இரும்பு வாஷர், ஃபெல்ட் அல்லது ரப்பர் வாஷர், எலிமென்ட்டைத் தாங்கும் தட்டு, எல்லாம் போல்ட்டில் வரிசையாக இருக்க வேண்டும். அந்த ஃபெல்ட் வாஷர் போல்ட்டை இறுக்கிப் பிடிக்கணும். அது இல்லாத வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, ஆனால் எண்ணெய் எலிமென்ட்டுக்குள் போகாமலே சுற்றி ஓடிக்கொண்டிருக்கும், பேரிங் தேயும்வரை யாருக்கும் தெரியாது.

இவ்வளவும் சரி, இன்னும் ஈரம் இருக்கிறது என்றால் ஒழுகல் ஃபில்டரிலிருந்துதானா என்று உறுதி செய்யணும். ராக்கர் கவர் கார்க் பேக்கிங்கிலிருந்து வடிகிற எண்ணெய் இன்ஜின் பக்கவாட்டில் இறங்கி பவுலில் வந்து தொங்கும், அப்புறம் ஃபேன் காற்று அதைப் பின்னால் தள்ளும். மண்ணெண்ணெயோ டீசலோ போட்டுத் துடைத்துக் காயவைத்து, முகப்பவுடரைத் தூவி, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்திப் பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது மேலே, எது முன்னால் இருக்கிறதோ அங்கேதான் கசிவு ஆரம்பம். கியர்பாக்ஸ் பக்கம் பெல் ஹவுசிங் அடியிலிருந்து சொட்டினால் அது வேறு கதை. இந்த மூன்று பேரிங் இன்ஜினுக்குக் கிராங்க் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது, மரை மாதிரி வெட்டிய பள்ளம்தான் எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறது. அங்கே கொஞ்சம் சொட்டத்தான் செய்யும், அதற்காக இன்ஜினை இறக்காதீர்கள்.

புது ரிங் போட்டும் திரும்பத் திரும்பப் பிதுங்கினால், பிளாக்கின் இடது பின்பக்கம் டோம் நட்டுக்குள் இருக்கும், எண்ணெய்ப் பிரஷர் அளவு மீறாமல் பார்க்கிற ரிலீஃப் வால்வைக் கழற்றிப் பாருங்கள். அது சிக்கிக்கொண்டால் காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது பிரஷர் எகிறி ரிங்கைத் தள்ளிவிடும்.

கேள்வி: என்னுடையது இசுசு இன்ஜின் வைத்த அம்பாசடர் 1800. திருகி மாட்டுகிற டப்பா ஃபில்டர். புனலூரில் ஒரு கடையில் "இது எல்லாத்துக்கும் சேரும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். மாட்டும்போது லேசாக ஆடியது, பிறகு இறுகிவிட்டது. மூன்றாம் நாள் ஹைவேயில் எண்ணெய் முழுக்கக் கொட்டிவிட்டது. திருப்பிக் கொடுத்தால் "விற்ற பொருள் வாங்க மாட்டோம்" என்கிறார்கள். நான் தமிழ்நாடு, கடை கேரளா. என்ன செய்வது அண்ணாச்சி? (புளியரை)

பதில்: எண்ணெய் விளக்கு எரிந்ததும் நிறுத்தினீர்களா என்று எழுதவில்லை. விளக்கோடு ஓட்டியிருந்தால் மறுபடி ஓட்டும் முன் பிரஷர் பார்த்துவிடுங்கள், அதுதான் முதல் வேலை.

"லேசாக ஆடியது" என்கிற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. டப்பா ஃபில்டர்களில் அதிகம் வருகிற இரண்டு மரை உண்டு, ஒன்று முக்கால் இஞ்ச், இஞ்சுக்கு 16 மரை. இன்னொன்று 20 மில்லிமீட்டர், 1.5 பிட்ச் (பிட்ச் என்பது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி). முக்கால் இஞ்ச் என்பது 19.05 மில்லி, பிட்ச் 1.59 மில்லி, ஆக இரண்டும் கையில் பிடித்தால் ஒன்று போலவே இருக்கும். முக்கால் இஞ்ச் ஸ்டட்டில், அதாவது ஃபில்டர் ஏறுகிற இன்ஜின் பக்கத்து மரைத் தண்டில், 20 மில்லி ஃபில்டர் தாராளமாக ஏறும், இறுகியது போலவும் காட்டும், ஆனால் மரை நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது எகிறுகிற பிரஷரில் ஒரு நாள் மொத்தமாக உருவிக்கொள்ளும். உங்களுக்கு நடந்ததும் பெரும்பாலும் இதுதான். சரியான மரை ஆடாது, விரலால் திருகினாலே வழுக்கிக்கொண்டு ஏறும். ஸ்டட்டை வெர்னியரில் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இத்தனை வருடத்தில் யாராவது ஸ்டட்டையே மாற்றியிருக்கலாம், அதனால் வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள்.

மரைக்கு அப்புறம் ரப்பர் பேக்கிங்கின் விட்டம். அது இன்ஜின் பக்கத்தில் மழமழவென்று கடைந்த முகத்துக்குள் முழுக்க உட்காரணும், ஓரத்தில் தொங்கக் கூடாது. பழைய பேக்கிங் அந்த முகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிவிட்டு, புதுசுக்கு ஆயில் தடவி, பேக்கிங் தொட்டதும் கையால் முக்கால் சுற்று. ஃபில்டர் மேலேயே வேறு கணக்கு அச்சடித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். படுக்கைவாட்டில் மாட்டுகிற இன்ஜினாக இருந்தால் எண்ணெய் திரும்பி இறங்காமல் தடுக்கிற ரப்பர் வால்வு உள்ளே இருக்கிற ஃபில்டராகக் கேளுங்கள், ஓட்டைகள் வழியாகப் பார்த்தாலே அந்த ரப்பர் தெரியும்.

பிராண்ட் கேட்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். புரொலேட்டர், எலோஃபிக், போஷ், மான் என்று நல்ல பெயர்கள் இருக்கின்றன, அதே பெயரில் போலியும் இருக்கிறது. தயாரிப்பாளர் முகவரி, மாதம்-வருடம், எம்.ஆர்.பி., வாடிக்கையாளர் தொடர்பு எண் இவையெல்லாம் 2011-ஆம் வருடப் பொதி விதிகளின்படி பெட்டியில் இருந்தே ஆகணும். இதில் ஒன்று குறைந்தாலும், ஓட்டை விளிம்பில் பிசிறு இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அம்பதோ நூறோ மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

இனி கடை விஷயம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிக முறை. பில் கொடுக்காததும் அப்படித்தான். கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம், இதற்காகக் கொல்லத்துக்கு அலைய வேண்டியதில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள், நிறையப் பேருக்கு அதிலேயே முடிந்துவிடுகிறது. முடியாவிட்டால் இரண்டு வருடத்துக்குள் ஆணையத்தில் போடணும், 5 லட்ச ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அந்த ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், உள் மரை தேய்ந்திருப்பதைப் படமெடுத்து வையுங்கள். அடுத்த தடவை பில்லில் வண்டி மாடலையும் ஃபில்டர் எண்ணையும் கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்குங்கள், "சேரும்" என்று வாயால் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம்.

கேள்வி: கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற பழைய பெட்ரோல் ஜீப். ஃபில்டர் டியூபில் எண்ணெய் கசிகிறது. ஃபில்டரைத் தூக்கிவிட்டு இரண்டு ஓட்டையையும் அடைத்துவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா? (கம்பம்)

பதில்: அடைத்தால் இன்ஜின் உடனே நிற்காது, ஏனென்றால் பழைய பெட்ரோல் ஜீப்பில் வருகிற ஹரிக்கேன் இன்ஜினில் ஃபில்டர் பை-பாஸ் வகை, எண்ணெயில் ஒரு பங்கு மட்டும் டியூப் வழியாகப் போய் வடிகட்டி மறுபடி சம்ப்புக்கு (இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) இறங்குகிறது. ஆனால் மெட்டு ஏறுகிற வண்டி, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் முக்கால்வாசி நேரம் ஓடுகிற வண்டி, அதற்கு இருக்கிற கொஞ்ச வடிகட்டலையும் எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கசிவது டியூப்தானே, இரண்டு டியூபையும் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் டியூப் போடாதீர்கள், ஆயில் பிரஷரும் சூடும் தாங்குகிற ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் நீளம் காட்டி, இரண்டு முனையிலும் நட்டு அடித்து வாங்குங்கள். மாட்டும்போது பாடியிலோ ஃபேன் பெல்ட்டிலோ உரசாமல் பார்க்கணும்.

இன்னொன்று, யாராவது அதே டியூபில் காரின் டப்பா ஃபில்டரை மாட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தப் பை-பாஸ் வரிசையில் எண்ணெயை அளவாக விடுகிற ஒரு சின்னத் துளை இருக்கும். அந்தத் துளை இல்லாமல் பெரிய வாயுள்ள ஃபில்டரை வைத்தால் எண்ணெய் எல்லாம் அந்த வழியாகவே சம்ப்புக்கு ஓடி, பேரிங்குக்குப் போகிற பிரஷர் விழுந்துவிடும். ஜீப் உங்கள் பிழைப்புக்கு நீங்களே ஓட்டுகிற வண்டி என்றால், டியூபோ ஃபில்டரோ குறையாக இருந்தால் நீங்களும் நுகர்வோர்தான், மேலே சொன்ன சட்டம் உங்களுக்கும் பொருந்தும், ஹோஸ் கடையிலும் பில் கேட்டு வாங்குங்கள்.